சபையில் காயப்பட்டவரைப் பற்றிக் கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு சிறிய கிறிஸ்தவ மாத இதழுக்கு வரும் சிறுகதைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பதைச் சில வருஷமாகச் செய்துவருகிறேன். சபையில், பாஸ்டர் போன்ற ஊழியக்காரர் கையால் காயப்பட்டு வெளியே வந்தவர்களைப் பற்றிய கதைகள் இப்போது அடிக்கடி வருகின்றன. நல்ல மனசோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் முக்கால்வாசிக் கதைகள் கடைசிப் பக்கத்தில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். ஞாயிறு ஆராதனையில் காயப்பட்ட பெண் அழுதுகொண்டே முன்னால் போவாள், வேறொரு நல்ல பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபிப்பார், சுபம். இதேபோல ஒரு கை தலையில் இருந்தபோதுதானே அவள் உடைந்தாள் என்பது எழுதியவருக்கு உறைப்பதே இல்லை. எனக்கும் ஒரு காலத்தில் உறைக்கவில்லை. என் முதல் கதையே அப்படித்தான் முடிந்தது. ஒரு வாசகி எழுதிய கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "அந்தக் கை வராமலே அவள் பிழைத்திருக்கக் கூடாதா?"

முதலில் வில்லன் விஷயம். சொகுசுக் கார், விரல் நிறைய மோதிரம், மேடையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம். இப்படி ஒரு பாஸ்டரை எழுதினால், இவரிடம் போய் ஏமாந்தாளே என்று வாசகருக்கு அவள்மேல்தான் எரிச்சல் வரும். நிஜத்தில் காயப்படுத்துகிறவர் பல நேரம் நன்மையும் செய்தவர். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றவர், தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு ஏற்பாடு செய்தவர். அந்த நன்றிக்கடன்தான் பூட்டு. வேலை மாறலாமா, இந்த வரனைப் பார்க்கலாமா என்று எல்லாவற்றுக்கும் "ஜெபித்துச் சொல்கிறேன்" என்பார். அவர் சொல்லும்வரை வீடே காத்திருக்கும். ஒரு தடவை மீறினால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "இங்கே உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரி..." என்று ஆரம்பிப்பார். பேர் சொல்ல மாட்டார். சொல்லத் தேவையில்லை, பெண்கள் பக்கம் நாலு தலை திரும்பும். அந்த நாலு தலையை எழுதுங்கள். காரும் மோதிரமும் வேண்டியதே இல்லை.

அடுத்தது பைபிள் வசனம். நான் அதிகம் சிவப்பு மையைச் செலவழிக்கும் இடம் இதுதான். கெட்டவர் வாயில் ஒரு வசனத்தைக் கொடுத்துவிட்டு, பதிலே சொல்லாமல் கதை நகர்ந்துவிடும். இப்படி அடிபட்ட ஒருவர் படித்தால், வசனம் அந்தக் கெட்டவர் பக்கம்தானோ என்கிற பழைய பயம் அப்படியே மிஞ்சும். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று, தங்களைக் கேள்வி கேட்பவரை அடக்கப் பாஸ்டர்கள் எடுக்கும் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பைபிளில் சங்கீதம் 105-இல் அது யாருக்குச் சொல்லப்பட்டது? ராஜாக்களுக்கு. யாருக்காக? சொந்த நிலம்கூட இல்லாமல், கொஞ்சம் பேராக, பரதேசிகளாக அலைந்த ஆபிரகாமின் வீட்டாருக்காக. பலமுள்ளவன் கை பலமில்லாதவன்மேல் படக்கூடாது என்று சொன்ன வசனம் எப்படித் தலைகீழாகிவிட்டது பாருங்கள். "இரண்டகம்பண்ணுதல் பில்லிசூனிய பாவத்திற்கு" சமம், அதாவது கீழ்ப்படியாமல் கலகம் செய்வது சூனியம் வைப்பதற்குச் சமம் என்பதும் இப்படித்தான். தீர்க்கதரிசி சாமுவேல் அதை ஓர் ஏழைக் குடியானவனிடம் சொல்லவில்லை, சிங்காசனத்தில் இருந்த சவுல் ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அதே சவுலை, பின்னால் ராஜாவான தாவீது, அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்று கைவைக்காமல் விட்டான், உண்மைதான். ஆனால் சவுல் தன்மேல் ஈட்டியை எறிந்த ராத்திரியே வீட்டைவிட்டுத் தப்பி ஓடினான். பிறகு எங்கேதிக் குகையிலிருந்து வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் காட்டி, எல்லார் காதிலும் விழும்படி நியாயம் கேட்டான். மரியாதை கொடுப்பது என்றால் ஈட்டி எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பது என்று அர்த்தமில்லை. இதை ஒரு பாத்திரத்தின் வாயில் பிரசங்கமாக வைக்காதீர்கள். அவளே ஒரு மத்தியான வேளையில், பழைய பைபிளில் பாஸ்டர் அடிக்கோடு போடச்சொன்ன வரிக்கு மேலே உள்ள வரியை முதல்முறையாக வாசிக்கட்டும். அந்த ஒரு நிமிஷத்தைக் காட்டினால் போதும்.

சரி, ஆறுதல் எப்படி வரவேண்டும்? அன்பான பாத்திரம் என்றாலே வசனம் சொல்கிற பாத்திரம் என்று எழுதுவதுதான் மூன்றாவது சறுக்கல். வாட்ஸப்பில் காலை ஐந்து மணிக்கு வரும் வாக்குத்தத்த அட்டையைப் பார்த்தாலே கை நடுங்குகிறவளிடம் இன்னொரு வசனத்தை நீட்டுவதில் என்ன கனிவு இருக்கிறது? எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல், சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்துக் கிடக்கிறான். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான். திட்டு இல்லை. மறுபடியும் சாப்பாடுதான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்கிற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. நம் கதைகளில் அந்தக் கேள்வி இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

சமீபத்தில் வந்த ஒரு கதை. நகரத்துச் சபை ஒன்றில் நொறுங்கிய ஒரு பெண் நெல்லைப் பக்கம் அம்மா ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், எல்லோருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகை. அவள் போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தூக்குவாளியில் சோறும் கறியும் கொண்டுவருகிறாள். முதல் பிரதியில் அந்தப் பெரியம்மா, "அடுத்த வாரமாவது கோயிலுக்கு வாம்மா, ஆண்டவர் ஒன்னயத் தேடுறாரு" என்று சொல்வதாக இருந்தது. அந்த வரியை வெட்டச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில் சோறு கூலியாகிவிடுகிறது. திருத்திய பிரதியில் பெரியம்மா சொன்னது, "காரம் கொஞ்சம் கூடிப்போச்சு. வாளிய மெதுவாத் தா." அவ்வளவுதான். கனிவு எதையும் திருப்பிக் கேட்காது என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தாலும் இது வந்திருக்காது.

மன்னிப்பில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரை மன்னித்த யோசேப்பின் கதையைக் காட்டி, பார், கட்டிப்பிடித்து அழுதானே என்பார்கள். அழுவதற்கு முன்னால் அவன் செய்ததை விட்டுவிடுவார்கள். அண்ணன்மாரை அடையாளம் கண்டதும் தன்னை மறைத்துக்கொண்டான், சோதித்தான், ஒருவனைச் சிறையில் வைத்தான், அவர்கள் இரண்டாம் தடவை வரும்வரை காத்திருந்தான். தன்னை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, தம்பிக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் யோசேப்பு வாய்விட்டு அழுதான். மாறியிருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி கிடைத்தது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூல்காரன் சகேயுவும் வெறும் வார்த்தையோடு நிறுத்தவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு என்று கணக்கே சொன்னான். உங்கள் கதையில் பாஸ்டர் மனந்திரும்ப வேண்டுமென்றால் திரும்பட்டும், ஆனால் எதைத் திருப்பிக் கொடுத்தார் என்று எழுதுங்கள். மன்னித்தவள் மறுபடி அந்தச் சபையில் உட்கார்ந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக. கதையில் குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்றால், கமிட்டி கூடிப் பேசி, ஜெபித்து முடித்துவைத்ததை நல்ல முடிவாக எழுதாதீர்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். மறைப்பதும் குற்றம். உங்கள் கதையில் வரும் நல்ல மூப்பர் (சபைப் பெரியவர்) அந்த இடத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யட்டும். கொடுமை நடந்த காட்சியை விலாவாரியாக எழுதுவதும் வேண்டாம். கதவு சாத்தும் சத்தம் போதும்.

இழப்பையும் சரியாக எழுதுங்கள். சபையைவிட்டு வந்தவள் இழப்பது ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இல்லை. தங்கைக்குக் கல்யாண ஓலை (கல்யாண அறிவிப்பு) எந்தக் கோயிலில் வாசிப்பது, அப்பா இறந்தால் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்பது, டிசம்பரில் வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்டு தன் வீட்டைத் தாண்டிப்போகும்போது லைட்டை அணைப்பதா வேண்டாமா... இதெல்லாம் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள். அப்புறம், பெந்தெகொஸ்தே என்றால் கொடுமை, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் சாந்தம், கத்தோலிக்கம் என்றால் வேறொன்று என்று பிரிக்காதீர்கள். அதிகாரத்தைக் கேள்வி கேட்க முடியாத எந்தக் கூரையின் கீழும் இது நடக்கும். நிஜ ஆளின் பேரை மட்டும் மாற்றிவிட்டு ஊர், தெரு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அப்படியே வைப்பதும் கூடாது. அவரைவிட, அவரால் காயப்பட்டவரைத்தான் ஊர் முதலில் அடையாளம் கண்டுபிடிக்கும்.

முடிவுக்கு வருவோம். சங்கீதம் 88 இருட்டில்தான் முடிகிறது. அதற்குக் கீழே யாரும் ஓர் அல்லேலூயாவை ஒட்டவைக்கவில்லை. அந்தத் தூக்குவாளிக் கதையை எழுதியவர் போனில் கேட்டார், "அப்போ அவ கடைசியில கோயிலுக்குப் போறாளா, இல்லையா சார்?" எனக்குத் தெரியாது என்றேன். வாளி இன்னும் அவள் வீட்டில்தானே இருக்கிறது, அதை என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். பத்து நாள் கழித்துப் பிரதி வந்தது. வாளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுகிறாள். வெறும் வாளியாகத் திருப்பித் தரக்கூடாதே என்று கொல்லைப்புறத்து முருங்கையில் நாலு காய் பறித்து, ஒடித்து உள்ளே போடுகிறாள். ஜன்னலைத் திறந்து பெரியம்மா வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறாள்.