தாவீது இருந்தாரா? பழைய இஸ்ரவேல் அரசர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபிள் சொல்லும் இஸ்ரவேல் அரசர் தாவீது நிஜமாகவே இருந்தாரா? இந்தப் பேச்சு வந்தாலே ஒருவர் "எல்லாம் கட்டுக்கதை" என்பார், இன்னொருவர் "பைபிள் முழுக்க நிரூபணமாகிவிட்டது" என்பார். இருவரும் செய்வது ஒரே தவறுதான். நானூறு ஆண்டுக்கால அரசர்களை ஒரே மூட்டையாகக் கட்டி நிறுக்கிறார்கள். ஒவ்வொரு அரசருக்கும் கிடைத்திருக்கும் சான்று வேறு வேறு.

தாவீதையே எடுத்துக்கொள்வோம். 1993இல் இஸ்ரேலின் வடகோடியில் உள்ள தெல் தாணில் உடைந்த கல்வெட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. பிற்காலத்தில் யாரோ அதைச் சுவர் கட்ட எடுத்துச் செருகியிருந்தார்கள். அரமேய மொழி, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. பகை அரசன் ஒருவன், பெரும்பாலும் தமஸ்குவின் ஆசகேல், தன் வெற்றியைச் சொல்லிக்கொள்கிறான். அதில் சொற்களைப் புள்ளி வைத்துப் பிரித்திருக்கிறார்கள்; 'பைத் தாவித்' என்று படிக்கப்படும் ஆறு அரமேய எழுத்துகளோ நடுவில் புள்ளியில்லாமல் ஒட்டி நிற்கின்றன. இது தாவீதின் பெயர்தானா, வேறு ஏதாவது ஒரே சொல்லா என்று பெரிய சண்டையே நடந்தது. இன்று பெரும்பாலான அறிஞர்கள் 'தாவீதின் வம்சம்' என்றே படிக்கிறார்கள். சரி, இதனால் தெரிவது என்ன? தாவீதின் பெயரைச் சொல்லி ஒரு வம்சம் ஆண்டது, எதிரிக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. கோலியாத்தைப் பற்றியோ பெரிய பேரரசைப் பற்றியோ அந்தக் கல்லில் ஒரு சொல்கூட இல்லை.

தாவீதின் மகன் சாலொமோன் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. அவர் பெயர் அவர் காலத்துக் கல்வெட்டு எதிலும் இதுவரை கிடைக்கவில்லை. அதனால் அவர் இல்லவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. எருசலேம் கோயில் மேட்டில் யாரும் முறையாக அகழாய்வு செய்ததே இல்லை. அதே சமயம் ஆத்சோர், மெகிதோ, கேசேர் மூன்றிலும் உள்ள ஆறு அறைக் கோட்டை வாசல்களைக் காட்டி "சாலொமோன் கட்டியவை" என்று அடித்துச் சொல்வதும் தவறு. இந்த மூன்று ஊர்களையும் அவர் கட்டினார் என்று பைபிள் சொல்வதால் தொல்லியலாளர் யிகேல் யாதின் அவற்றை கி.மு. 10ஆம் நூற்றாண்டில் வைத்தார். இன்னொரு தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன் 9ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளுகிறார். வசனத்தை வைத்து வாசலுக்குக் காலம் குறித்துவிட்டு, அதே வாசலை வசனத்துக்குச் சாட்சியாக நிறுத்தினால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் நிற்போம்.

நம்மவர்கள் விரும்பிச் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாகப் பைபிள் சொல்லும் 'துக்கீம்' (மயில்கள் என்று மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல்) நம் 'தோகை'யிலிருந்து வந்த சொல் என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லிவருகிறோம். எனக்கும் பிடித்த யூகம்தான். ஆனால் அந்தச் சொல் குரங்கைக் குறிக்கும் எகிப்தியச் சொல் என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லை வைத்துத் தமிழகத்துக்கும் சாலொமோனுக்கும் வணிகம் நடந்தது என்று எழுதிவிட முடியாது.

அப்புறம், கல்லில் வெட்டியிருந்தால் பொய் இருக்காது என்ற நம்பிக்கை. இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் அரசன் மேசா, கி.மு. 840 வாக்கில், இஸ்ரவேல் என்றென்றைக்குமாக அழிந்தது என்று வெட்டிவைத்தான். அதன் பிறகும் அந்த அரசு நூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. முந்தைய இஸ்ரவேல் அரசர் உம்ரியின் குடும்பத்தையே கொன்று பட்டத்துக்கு வந்த யெகூவை அசீரியக் கல் 'உம்ரியின் மகன்' என்கிறது.

கி.மு. 701இல், இஸ்ரவேலுக்குத் தெற்கே இருந்த யூதா அரசின்மீது அசீரியர் நடத்திய படையெடுப்பை, அசீரியப் பதிவு, பைபிள் என இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். யூதாவின் அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்தேன், 46 நகரங்களைப் பிடித்தேன் என்கிறான் அசீரிய அரசன் சனகெரிப். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. கப்பமாகப் போன பொன் இரண்டு பதிவிலும் 30 தாலந்து (அக்கால எடையளவு). வெள்ளி பைபிளில் 300, அசீரியப் பதிவில் 800. யூதாவின் நகரமான லாகீசில் அசீரியர் எழுப்பிய முற்றுகை மேடு மண்ணில் இன்னும் நிற்கிறது.

பாபிலோன் அரண்மனையில் கிடைத்த களிமண் சீட்டுகளில் யாரும் மார்தட்டவில்லை. கைதிகளுக்கு அளந்த எண்ணெயை ஒரு கணக்கர் குறித்துவைத்தவை அவை. ஒன்றின் காலம் கி.மு. 592. யூதாவின் அரசர் யோயாக்கீனுக்கு இவ்வளவு, அவருடைய ஐந்து மகன்களுக்கு இவ்வளவு.