பெயரா, இருக்கையா, சரக்கா? தேடுபொறிப் போட்டியை எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு வழி தெரியவில்லை என்றால் "கூகுள் பண்ணிப் பாருங்க" என்கிறோம். "தேடுபொறியில் தேடிப் பாருங்க" என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் பெயர் வினைச்சொல்லாகி, 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. கோலாலம்பூரில் வணிகம் படிக்கும் மாணவரும் பினாங்கில் கடை நடத்துபவரும் முதலில் சறுக்குவது இங்கேதான். பெயர் பெரிது, அதனால் ஜெயிக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள்.

மூன்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மக்கள் மனத்தில் உள்ள நம்பிக்கை பெயர். கைப்பேசியையோ உலாவியையோ (பிரவுசர்) திறந்ததும் டீஃபால்ட்டாக வந்து நிற்கும் இடம் இருக்கை. கிடைக்கும் விடைகளின் தரம் சரக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றின் கணக்கில் எழுதினால் முடிவு முழுக்கத் தவறிவிடும்.

பெயரே போதுமானது என்றால் இருக்கைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கக் கூட்டரசு நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் அந்த இருக்கையைப் பிடித்துவைக்க, 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் அதன் சொந்தத் தேடுபொறியான பிங்தான் டீஃபால்ட். அங்கே நடக்கும் தேடல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு பிங்குக்கே போவதாகவும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மற்ற இடங்களில் ஓரமாக நிற்கும் பெயர், சொந்த இருக்கையில் முன்னுக்கு வந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் இருக்கைதான் என்று மறுகோடிக்குப் போவது அடுத்த தவறு. மோசில்லா அமைப்பு 2014இல் தன் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் அமெரிக்க டீஃபால்ட்டை யாஹூவுக்குக் கொடுத்தது. பலர் அமைப்பை மாற்றிக்கொண்டு கூகுளுக்கே திரும்பினார்கள். 2017இல் மோசில்லாவும் திரும்பியது. பிங்கில் மிக அதிகமாகத் தேடப்படும் சொல் "கூகுள்" என்று 2021இல் கூகுளின் வழக்கறிஞரே ஐரோப்பிய நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பிக் கூட்டிப்போகும் வலு பெயருக்கு உண்டு.

பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத தவறு, சின்னத்தைப் பார்த்துக்கொண்டே சரக்கை மதிப்பிடுவது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 32 பேருக்குத் தேடல் விடைகள் காட்டப்பட்டன. விடைகளின் தரமும் அடுக்கும் ஒன்றுபோல் வைக்கப்பட்டன, மேலே இருந்த பெயர் மட்டும் கூகுள், யாஹூ, எம்எஸ்என், உள்ளூரில் செய்த ஒரு தேடுபொறி என்று மாறியது. பெரிய பெயர்களை மக்கள் எளிதாக நம்பினார்கள். அறியாத பெயர் இருந்தபோதோ கூடுதல் ஈடுபாட்டோடு தேடினார்கள். பெயர் கண்ணை மூடவைக்கிறது என்றே நாங்கள் இதை வாசிக்கிறோம்.

இதை நீங்களும் சோதிக்கலாம். 12 தேடல்களை எழுதிக்கொள்ளுங்கள்: தமிழில் 4, மலாயில் 4, ஆங்கிலத்தில் 4. சோதனையில் கலந்துகொள்ளாத ஒருவர் மறைநிலைச் சன்னலில் (இன்காக்னிட்டோ), ஒரே கணினியில், ஒரே இடத்தில் இருந்து இரண்டு தேடுபொறிகளிலும் தேடட்டும். விளம்பரம், வரைபடம், விடைகளுக்கு மேலே வரும் கட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதல் 5 விடைகளின் தலைப்பையும் இரண்டு வரி விளக்கத்தையும் மட்டும் ஒரே எழுத்துருவில் தாளில் ஒட்டி, அ, ஆ என்று குறிக்கட்டும். எது அ என்பதை ஒவ்வொரு முறையும் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். குறைந்தது 5 பேர், எந்தத் தாள் பயன்படுகிறது என்று தேர்ந்தெடுக்கட்டும். இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் அதே தாள்களை வேறு 5 பேரிடம், ஒரு தேடுபொறியின் விடைகள் மேல் மற்றதன் பெயரை ஒட்டிக் கொடுங்கள். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு சுற்றுக்கும் இடையே வரும் வேறுபாடு பெயரின் எடையைத் தோராயமாகக் காட்டும்.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் தேடல்களைத் தேர்ந்தெடுப்பதில். "மேபேங்க்" என்று தேடினால் எல்லாத் தேடுபொறியும் ஒரே முதல் விடையைத்தான் தரும். அரிய தேடல்களைக் கொடுங்கள்: பத்துமலைக்குத் தைப்பூச நாளில் ரயில் எத்தனை மணிவரை, பினாங்கு லெபோ பாசாரில் பித்தளை விளக்கு பாலிஷ் போடுமிடம், இப்படி. ஆயிரக்கணக்கானோர் கேட்கும் கேள்விக்கு யாரும் நல்ல விடை தரலாம். எப்போதாவது ஒருவர் கேட்கும் கேள்விக்கு, முன்பு கேட்டவர்கள் எதைச் சொடுக்கினார்கள் என்ற குவியல் தேவைப்படுகிறது. பெயர் ஆட்களைக் கொண்டுவருகிறது, ஆட்களின் சொடுக்குகள் சரக்கை மேம்படுத்துகின்றன, நல்ல சரக்கு பெயரை வளர்க்கிறது. இந்தச் சுழற்சியைக் காணாமல் "தரமாகச் செய்தால் யாரும் ஜெயிக்கலாம்" என்பது நியாயமில்லாத அறிவுரை.

பெயர்ப்பலகைகளை எண்ணிப் போட்டியாளர்களைக் கணக்கிடாதீர்கள். உணவு அங்காடியில் மூன்று பலகைக்குப் பின்னால் ஒரே அடுப்பு எரியலாம். யாஹூ, டக்டக்கோ ஆகிய தேடுபொறிகள் தங்கள் இணைய விடைகளில் பெரும்பகுதியை பிங்கிடமிருந்தே பெறுகின்றன.

பழைய பெயர் தானாகக் காப்பாற்றும் என்பதும் தவறு. 1995இல் வந்த ஆல்டாவிஸ்டா ஒரு காலத்தில் தேடலின் முகம், 2013இல் மூடப்பட்டது. எம்எஸ்என் சர்ச், விண்டோஸ் லைவ் சர்ச், லைவ் சர்ச் என்று பலகையை மாற்றிக்கொண்டே போய், 2009இல்தான் பிங் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் நிலைத்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சேர்த்த அறிமுகம் கொஞ்சம் கரையும். 2008இல் கூகுளைவிட அதிக இணையப் பக்கங்கள் கொண்ட அட்டவணை என்று முழங்கி வந்த கூல் (Cuil) என்ற தேடுபொறி, 2010இலேயே நின்றுபோனது. சரக்கு தயாராகும் முன் ஊரைக் கூட்டினால், வந்தவர் திரும்பி வருவதில்லை.

சந்தைப் பங்கு பெரிதாக இருப்பதே குற்றம் என்று எழுதாதீர்கள். மலேசியாவின் 2010 போட்டிச் சட்டம் 10ஆம் பிரிவில் தடுப்பது ஆதிக்க நிலையை அல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதை. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கை ஆதிக்கத்தின் அறிகுறியாகப் போட்டி ஆணையம் கொள்கிறது, அவ்வளவுதான்.

கடைக்காரர்களுக்கு இதே பாடம் சிறு அளவில் பொருந்தும். இணையதளத்துக்கு வருவோர் கூடிவிட்டார்கள் என்று மகிழுமுன், எந்தத் தேடல் சொற்களில் உங்கள் தளம் வந்தது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் அச்சொற்களை வடிகட்டி, உங்கள் கடைப் பெயர் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் தனித்தனியே பாருங்கள். பெயர் சொல்லித் தேடுபவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர், அவரை விளம்பரத்தின் வெற்றியாக எண்ணினால் பணம் வீணாகும். வடிகட்டும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் சேருங்கள். Latchumi, Letchumi, Lakshmi என்று ஒரே பெயரை ரோமன் எழுத்தில் இங்கே பலவிதமாக எழுதுகிறோம். ஒன்றை விட்டாலும் அது "புது வாடிக்கையாளர்" பக்கம் விழுந்து கணக்கைக் கெடுக்கும்.

எல்லாரும் கூகுள்தான் என்று எண்ணி பிங்கை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. அலுவலகக் கணினிகளில் எட்ஜைத் திறந்து மதியச் சாப்பாட்டுக்குக் கடை தேடுபவர், மாற்றாதவரை பிங்கில்தான் தேடுகிறார். கூகுள் வணிகப் பக்கத்தின் விவரங்களை, பிங்கில் கடை விவரம் பதியும் இடமான பிங் பிளேசஸுக்கு அப்படியே இறக்கிக்கொள்ள வசதி உண்டு. இறக்கிய பிறகு தொலைபேசி எண், வெள்ளிக்கிழமை நேரம், தீபாவளி விடுமுறை மூன்றையும் கையால் சரிபாருங்கள். கூகுளில் பின்னர் செய்யும் திருத்தம் பிங்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதென்று நம்பியிருக்காமல், அங்கும் திறந்து பார்த்துவிடுங்கள்.