விசித்திர வடிவ வயலின் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆசை ஆசையாக ஐந்து தந்தி வயலின் ஒன்றை வாங்கி, கீழ்த் தந்தியில் வில்லை இழுத்தேன். சத்தம் அமுங்கிப்போய் வந்தது. வயலின் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் தவறு என் எதிர்பார்ப்பில் இருந்தது. வயலினின் உடலான மரப் பெட்டியின் நீளம் சுமார் 35.5 செ.மீ., உள்ளே இருக்கும் காற்று 270, 280 ஹெர்ட்ஸ் அருகில்தான் நன்றாக அதிரும். புதிதாகச் சேர்க்கும் ஸி தந்தியோ 131 ஹெர்ட்ஸ். அந்த அடிப்படைச் சுரத்தைத் தூக்கிக் கொடுக்கப் பெட்டிக்குத் தெம்பு கிடையாது, கூடவே ஒலிக்கும் மேல் சுரங்களை வைத்துத்தான் காது அதைக் கண்டுபிடிக்கிறது. ஆண் பாடகர்களுக்காகச் சுருதியை இறக்கிக் கட்டும் நமக்கு நான்கு தந்தி வயலினிலேயே இது ஓரளவு உண்டு. அமெரிக்காவின் வயலின் தயாரிப்பாளர் கார்லீன் ஹட்சின்ஸ் எட்டு அளவுகளில் வயலின் குடும்பம் ஒன்றை உருவாக்கியபோது, ஒவ்வொன்றின் பெட்டியையும் அதன் தந்திகளுக்கு ஏற்றபடி அமைத்ததன் காரணம் இதுதான். தந்தியை மட்டும் கூட்டினால் போதாது.

அடுத்தது, வடிவத்தைப் பார்த்தே நாதத்தை முடிவு செய்வது. 1819இல் பிரான்ஸின் இயற்பியலாளர் சவார், தட்டையான பலகையும் நேர்கோட்டுத் துளையும் வைத்து, சரிவக வடிவில் ஒரு வயலின் செய்தார். பக்கத்து அறையில் ஒருவர் அதையும் நல்ல சாதாரண வயலினையும் மாற்றி மாற்றி வாசிக்க, கேட்ட குழு சவாருடையது குறைந்ததில்லை என்றே சொன்னது. எனவே நீங்களும் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரே தந்தி, ஒரே வில், ஒரே ஆள் வாசிக்கட்டும். புதுத் தந்தி போட்ட வயலினை உங்கள் பழைய தந்தியோடு ஒப்பிட்டால் ஜெயிப்பது தந்திதான்.

நம் ஊரில் இன்னொன்று நடக்கிறது: அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வாசித்துப் பார்த்து மயங்கிவிடுகிறோம். அந்தக் கான்கிரீட் எதிரொலியில் எந்த வயலினும் இனிக்கும்! வீட்டுக் கூடத்தில் வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லி, அந்தக் கோடியில் நின்று கேளுங்கள், ஏனென்றால் தாடைக்குக் கீழே கேட்பது வேறு, சபையில் கேட்பது வேறு.

பழைய ஸ்ட்ரோ வயலினில் பெட்டிக்குப் பதில் உலோகக் கொம்பு இருக்கும். மைக் இல்லாத காலத்தில் ஒலிப்பதிவுக் கொம்புக்குள் சத்தத்தை நேராகச் செலுத்த அது உதவியது. ஒரே திசையில் பாயும் அந்தச் சத்தத்தைக் கச்சேரிக்கு ஏற்ற நாதம் என்று நினைக்க வேண்டாம்.

ஈரப்பதத்துக்குப் பயந்து கார்பன் ஃபைபர் வாங்குவது நியாயம்தான், பெட்டி உப்பாது, ஒட்டு விடாது. ஆனால் வில்லின் குதிரைமுடி ஈரத்தில் நீளத்தான் செய்யும், அதனால் தினசரிப் பராமரிப்பு குறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து வீட்டில் ரம்பத்தை எடுக்காதீர்கள். மேல் பலகையின் துளையைப் பெரிதாக்கினால் கீழ்ச் சுரம் கனக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர்: உள்ளே உள்ள காற்றின் அதிர்வெண் மேலே ஏறும், கீழ்ச் சுரம் இன்னும் மெலியும், வெட்டிய மரமும் திரும்ப வராது.