திருகோணமலையிலிருந்து சிகிரியாவுக்கு: அரண்மனையையும் தோட்டங்களையும் முதன்முறை பார்க்கச் செல்லும் மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

சிகிரியாவுக்குச் செல்லும் நம் மாணவர்களிற் பெரும்பாலோர் பாறையின் உச்சியை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் மேற்கே விரிந்து கிடக்கும் அரச தோட்டங்களை வெறும் வழியாகக் கருதி விரைந்து கடந்துவிடுகிறார்கள். தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றிய முதலாம் காசியப்பன் (477–495) அமைத்த இத்தலைநகரில், உச்சியிலுள்ள மாளிகையும் அடிவாரத்துத் தோட்டங்களும் ஒரே திட்டத்தின் பகுதிகளாகும். ஆகவே கீழுள்ள படிமுறையில் தோட்டத்துக்கே கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது.

படி 1: நாளைத் தெரிவுசெய்யுங்கள்

மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே என் தெரிவு. அப்போது தோட்டத்துக் குளங்களில் நீர் இருக்கும், பாறைப் படிகளும் காய்ந்திருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உச்சியில் நிற்பதே சிரமமாகிவிடும். போயா தினங்களையும் நீண்ட விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: விடியுமுன் பஸ் ஏறுங்கள்

கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லும் பஸ்ஸில் ஏறி, தம்புள்ளைக்கு முன்பே வரும் இனாமலுவ சந்தியில் இறங்க வேண்டும். திருகோணமலையிலிருந்து இச்சந்தி ஏறத்தாழ 100 கிலோமீற்றர். ஏறும்போதே நடத்துநரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி வையுங்கள். சந்தியிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீற்றரை, தம்புள்ளையிலிருந்து வரும் சிகிரியா பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ கடக்கலாம்.

தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உள்நாட்டவருக்கான கட்டணம் வெளிநாட்டவர் செலுத்துவதில் மிகச் சிறு பங்கே. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து, ஒரு குறிப்புப் புத்தகம் ஆகியவை போதும்.

படி 3: நீர்த் தோட்டத்தில் மெதுவாக நடவுங்கள்

வெயில் ஏறுமுன் உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தோட்டத்தைப் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை, ஏனெனில் இறங்கும் வழி உங்களைத் தெற்குப் பக்கமாக வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்விடும், களைத்த கால்களுடன் மறுபடியும் மேற்கு வாயிலுக்குச் சுற்றி வருபவர் அரிது.

அகழியைக் கடந்து மேற்கு வாயிலுக்குள் நுழைந்ததும் சற்று நில்லுங்கள். நடைபாதை மேற்கிலிருந்து கிழக்கே நேர்கோடாகப் பாறையை நோக்கிச் செல்வதையும், இடப்புறம் உள்ளது வலப்புறமும் அப்படியே அமைந்திருப்பதையும் காண்பீர்கள். முதலில் வருவது, நடுவே தீவு போன்ற ஒரு மேடையும் அதைச் சுற்றி ‘ட’ எழுத்தின் வடிவில் நான்கு குளங்களும் கொண்ட பகுதி. நான்காகப் பகுக்கப்பட்ட இவ்வகைத் தோட்டங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

அடுத்து வரும் ஒடுங்கிய பகுதியில் ஆழமற்ற நீரோடைகள் வளைந்து செல்லும். அவற்றின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், வட்டமான சுண்ணாம்புக் கற்பலகைகளில் ஒழுங்காகத் துளையிடப்பட்டிருப்பது தெரியும். இவையே நீரூற்றுகள். உயரமான இடத்திலுள்ள நீர் நிலத்தடிக் கால்வாய்கள் வழியே வந்து, தன் மட்ட வேறுபாடு தரும் அழுத்தத்தினாலேயே துளைகளின் வழியே மேலெழுகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்போர், ஒரு மீற்றர் உயர நீர்நிரல் ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும் என்ற கணக்கை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். நல்ல மழைக்குப் பின் இவற்றுட் சில இன்றும் நீரைப் பீச்சுகின்றன. இருபுறமும் அகழி சூழ்ந்த மேடுகளில் கோடைகால மாளிகைகள் இருந்தன.

படி 4: பாறைத் தோட்டத்தில் சுவர்களைத் தேடுங்கள்

எண்கோணக் குளத்தை அண்மித்ததும் நேர்கோடுகள் மறைந்து, பெரும்பாறைகளுக்கிடையே பாதை வளைந்து ஏறத் தொடங்கும். பாறைகளின் மேல் வரிசையாக வெட்டப்பட்ட பள்ளங்களைப் படிக்கட்டு என்று எண்ணிக் கால் வைக்க முயல்பவர்கள் உண்டு. உண்மையில் அவை செங்கற் சுவர்களைத் தாங்க வெட்டப்பட்ட பிடிப்புகள், அதாவது ஒவ்வொரு பாறையின் மேலும் ஒரு கட்டடம் நின்றது. சில பாறைகளின் நெற்றியில், மழைநீர் குகைக்குள் வழியாதபடி செதுக்கிய விளிம்பும் அதன்கீழ் பிராமி எழுத்தும் காணப்படும். காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பிக்குகள் இங்கு வாழ்ந்ததற்கு இவை சான்று.

படி 5: ஏறுங்கள்

மொத்தம் 1,200 வரையிலான படிகள். சுழற்படியில் ஏறி ஓவியங்களைப் பார்க்கும்போது படம் எடுக்கக் கூடாது. 1967இல் விஷமிகள் இவற்றின்மேல் சாயம் பூசிச் சிதைத்த பின்னர், மிகுந்த உழைப்பினால்தான் மீட்டெடுக்கப்பட்டன. அதற்கடுத்து வரும், கண்ணாடிபோல் மெருகிடப்பட்டதால் ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் சுவரில், பழங்காலப் பார்வையாளர்கள் கீறிய சிங்களப் பாடல்களுள் 685ஐத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான படித்து வெளியிட்டார். இன்று அச்சுவரில் ஓர் எழுத்துக் கீறினாலும் குற்றமாகும்.

சிங்கப் பாதங்கள் இருக்கும் மேடையில் சத்தம் போட வேண்டாம், மேலே குளவிக் கூடுகள் உண்டு. ஒருகாலத்தில் சிங்கத்தின் வாய்க்குள்ளாலேயே உச்சிக்கு ஏறினார்கள். இன்று எஞ்சியிருப்பவை பாதங்களும் தொடக்கப் படிகளும் மட்டுமே. மீதித் தூரம் இரும்புப் படிகள்.

படி 6: உச்சியில் மேற்கே திரும்புங்கள்

சுமார் ஒன்றரை ஹெக்டேயர் பரப்பில் செங்கல் அத்திவாரங்களும் பாறையில் வெட்டிய பெரிய குளமுமே மிஞ்சியுள்ளன. மாளிகையைத் தேடி வருபவர்கள் இங்கே ஏமாற்றமடைவது இயல்பு. மேற்கு விளிம்புக்கு வந்து கீழே பாருங்கள்: நீங்கள் நடந்துவந்த குளங்கள், ஓடைகள், பாதை எல்லாம் ஒரே வரைபடமாகத் தெரியும். புத்தகத்தை எடுத்து அதை வரைந்துகொள்ளுங்கள். 495இல் தென்னிந்தியாவிலிருந்து படையுடன் திரும்பிய தன் சகோதரன் முகலனிடம் காசியப்பன் தோற்றபின், இவ்விடம் மறுபடியும் பிக்குகளின் உறைவிடமாயிற்று.

படி 7: திரும்புதல்

இறங்கும் வழியில் நாகபடக் குகையைப் பார்த்துவிட்டு, பிற்பகலிலேயே இனாமலுவ சந்திக்கு வந்துவிடுங்கள். திருகோணமலை பஸ் நிறைந்து வந்தால் காத்து நிற்காமல், பொலன்னறுவைக்கோ மட்டக்களப்புக்கோ செல்லும் பஸ்ஸில் ஹபரணை வரை வந்து மாறலாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இருட்டியபின் யானைகள் வீதியைக் கடக்கும் என்பதால், முச்சக்கரவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ வருபவர்கள் அப்பகுதியை வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும்.