திண்ணைக்கும் எதிர்த்திண்ணைக்கும் நடுவே: ஒரு தெருவைக் குறுக்கே வெட்டி வரைவது எப்படி

காரைக்குடியில் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர். வீட்டு பிளான் போட்டுத் தருவதுதான் பிழைப்பு. கையில் வேலை இல்லாத சனிக்கிழமைகளில் தெருவை வரைவோம். செட்டிநாட்டு வீடு என்றாலே ஆத்தங்குடி டைல்ஸ், பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று எல்லோரும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். வெளியே, கடைசிப் படிக்கும் சாலைக்கும் நடுவில் நடக்கிற கூத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்கூட்டரை ஏற்ற முகப்புப் படியில் சாய்த்த பலகை, கதவு கிராதியில் தொங்கும் பால் பை, விளக்கு மாடத்துக்குள் குடியேறிய இன்டர்நெட் பெட்டி. இவற்றையெல்லாம் ஒரே தாளில் காட்ட குறுக்குவெட்டுப் படத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்தத் திண்ணையின் சுவரிலிருந்து எதிர்த்திண்ணையின் சுவர் வரை தெருவைக் கத்தியால் வெட்டினால் எப்படித் தெரியுமோ, அதுதான் படம்.

டேப்பில் அளவு பார்க்கவும் ஸ்கேல் வைத்துக் கோடு போடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் சறுக்கிய இடங்களைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

தெருவைத் தேர்ந்தெடுப்பது

இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருந்து, கொல்லைவாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதனால் சில தெருக்களில் ஒரு பக்கம் வரிசையாகத் திண்ணை, எதிரே வரிசையாக வெறும் மதில். அதுவும் வரையத் தக்கதுதான், ஆனால் முதல் படத்துக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் முகப்பு பார்க்கிற தெருவாக, இரண்டு பக்கமும் ஆள் குடியிருக்கிற வீடாகப் பாருங்கள். பூட்டிய வீட்டுத் திண்ணையில் நாய்தான் படுத்திருக்கும். (நாயையும் வரையுங்கள்.)

டேப்பை வெளியே எடுக்காதீர்கள்

முதல் முறை நான் போனதுமே டேப்பை நீட்டிவிட்டேன். மேற்கு வீட்டு ஆச்சி உள்ளிருந்து ஓடி வந்து கேட்டது: "என்னப்பா, வீட்டை வித்துட்டாகளா?"

நம் ஊரில் டேப்போடு வருகிறவர் ஒன்று விற்க வருகிறார், இல்லை பாகம் பிரிக்க வருகிறார். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். இடித்த வீட்டின் தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்குப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. முதல் நாள் நோட்டும் பென்சிலும் மட்டும் கொண்டுபோங்கள். திண்ணையில் உட்காரலாமா என்று கேட்டு உட்காருங்கள். என்ன செய்கிறோம் என்று சொல்லி, படம் முடிந்ததும் அதன் நகல் ஒன்று தருவதாகச் சொல்லுங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.

சாமான்

5 மீட்டர் ஸ்டீல் டேப். 30 மீட்டர் துணி டேப் எங்களிடமும் இருக்கிறது. இழுத்த இழுப்புக்கு நீளும், தெருவின் குறுக்கே காற்றில் தொய்யும், நான் தொடுவதில்லை. லேசர் மீட்டர் உள்ளறைக்கு அருமையான சாமான். சித்திரை வெயிலில் தெருவில் நின்று அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ஏ3 கிராஃப் தாள், எக்ஸாம் பேட், சாக்பீஸ். பேனா வேண்டாம், பென்சில்தான். இவற்றோடு 15 மீட்டர் டியூப், உள்ளே தண்ணீர் தெரிகிற வளையும் பிளாஸ்டிக். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மீன்தொட்டிக்குப் போடுகிற மெல்லிய டியூப் வாங்காதீர்கள். அதில் காற்றுக்குமிழி சிக்கினால் சாமானியத்தில் வெளியே வராது.

எல்லோரும் சறுக்குகிற இடம்: மட்டம்

எங்கள் முதல் படத்தில் நான் செய்தது இது. கிழக்கு வீட்டின் முகப்புத் தளம் சாலையிலிருந்து 92 செ.மீ. உயரம். மேற்கு வீட்டுத் தளம் 71 செ.மீ. அளவு சரி, டேப் சரி. தாளில் ஒரு நேர்க்கோடு போட்டு அதைச் சாலை என்று வைத்து, இரண்டையும் அதன்மேல் ஏற்றினேன். படத்தில் கிழக்கு வீடு பெரிய மனிதர் போல் நிமிர்ந்து நிற்க, மேற்கு வீடு கைகட்டி நின்றது. நேரில் பார்த்தால் இரண்டு திண்ணையில் இருப்பவர்களும் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு வாரம் புரியவில்லை.

எங்களோடு வேலை செய்கிற கொத்தனார் படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, ரோடு மட்டமுன்னு யார் சொன்னது?"

அவ்வளவுதான் விஷயம். சாலை ஒருபோதும் மட்டம் இல்லை. தரையிலிருந்து மேலே அளக்காதீர்கள். காற்றில் ஒரு மட்டக்கோடு இருப்பதாக வைத்து, அதிலிருந்து கீழே அளங்கள். அந்தக் கோட்டைப் பிடிக்கத்தான் டியூப்.

செய்வது இப்படி. ஒரு வாளித் தண்ணீரை உயரத்தில் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையை வாயால் உறிஞ்சி கீழே விடுங்கள். தண்ணீர் ஓடட்டும், அவசரப்பட வேண்டாம். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உறிஞ்சி முடித்த பிறகு விடுங்கள். எங்கள் ஜூனியர் முன்னாலேயே விட்டுவிட்டு நாள் முழுக்க நீல நாக்கோடு திரிந்தான். இரண்டு முனையிலும் ஒரு சாண் வெறுமையாக இருக்கிற அளவுக்குத் தண்ணீர் போதும். பிறகு டியூபைத் தரையில் நீட்டி முழுக்கப் பாருங்கள். எங்காவது குமிழி இருந்தால் டியூபை விரலால் சுண்டிச் சுண்டி முனைக்கு ஓட்டுங்கள். ஒரு குமிழி மிஞ்சினாலும் மட்டம் பொய் சொல்லும்.

அடுத்து, இரண்டு முனையையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். தண்ணீர் இரண்டிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குமிழி இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை விட்டதால் ஒரு காலை முழுக்க வீணாயிற்று.

சரி, இப்போது கிழக்குத் தூணில் சாலையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒருவர் அங்கே முனையைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டட்டும். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்கக் கட்டைவிரலால் முனையை மூடுவோம் அல்லவா? அளவு பார்க்கும்போது இரண்டு பேரும் விரலை எடுத்தாக வேண்டும். ஒருவர் மறந்தாலும் உள்ளே காற்று அடைபட்டு, தண்ணீர் நிற்கிற இடத்திலேயே நிற்கும், நாமும் அதை மட்டம் என்று நம்பிக் கோடு போடுவோம். நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன். இப்போது "விரல்!" என்று கத்திவிட்டுத்தான் பார்ப்பது.

கிழக்கில் தண்ணீர் கோட்டுக்கு வந்து ஆட்டம் நின்றதும், மேற்கில் தண்ணீர் நிற்கிற இடத்தில் அடுத்த கோடு. இரண்டு கோடும் ஒரே மட்டம். இனி இரண்டிலிருந்தும் கீழே அளங்கள். எங்கள் தெருவில் கிழக்குக் கோட்டிலிருந்து முகப்புத் தளம் 58, சாலை 150. மேற்குக் கோட்டிலிருந்து தளம் 61, சாலை 132. தளங்களுக்குள் வித்தியாசம் வெறும் 3 செ.மீ. சாலைதான் மேற்கில் 18 செ.மீ. உயர்ந்து கிடக்கிறது. படத்தில் மேற்கு வீடு நிமிர்ந்துவிட்டது.

சாலையின் நடுவையும் பிடிக்க வேண்டும். ஒரு குச்சியை நட்டமாக நிறுத்தி, டியூபின் முனையை அதில் ஒட்டிப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். ஒன்பது மணிக்கு முயன்றபோது குட்டியானை வண்டி ஒன்று டியூப் மேலேயே ஏறிப் போயிற்று. டிரைவர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "என்ன சார், தெருவுக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களா?" என்றார். காலையில் செய்ய இன்னொரு காரணமும் உண்டு: ஒரு முனை வெயிலிலும் மறுமுனை நிழலிலும் நீண்ட நேரம் இருந்தால், சூடான தண்ணீர் சற்றே உயரமாக நிற்கும்.

வரைவது

1:50 அளவில், அதாவது ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. 7 மீட்டர் சாலையும் இரண்டு முகப்பும் ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். மட்டக்கோட்டை முதலில் போட்டு எல்லாவற்றையும் அதிலிருந்து தொங்கவிடுங்கள். வெட்டுப்படுகிற சுவர், படி, சாலை தடித்த கோடு. மற்றவை மெல்லிய கோடு. வேறு பெரிய ரகசியம் இல்லை.

ஆட்களைப் போடுவது

எனக்குப் பிடித்த வேலை இதுதான். மாலை நான்கிலிருந்து ஆறு வரை உட்கார்ந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கால் மணிக்கு ஒருமுறை குறியுங்கள். 1925-இல் கோன் வாஜிரோ என்ற ஜப்பானியர் டோக்கியோவின் கின்சா தெருவில் ஆட்களை நிறுத்தி, போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் படமாகவே வரைந்தார். நியூயார்க்கில் 1970-களில் வில்லியம் ஒயிட் என்ற நகர ஆய்வாளர் சதுக்கங்களில் கேமரா வைத்துப் பார்த்து, உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று சொன்னார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் 1975-இல் அந்த நகரத்தின் கட்டட விதிகளே அதனால் மாறின. உட்காரும் விளிம்பு ஒரு அடியிலிருந்து மூன்று அடி உயரம் வரை இருக்கலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் திண்ணை நடையிலிருந்து 42 செ.மீ. நம் கொத்தனார்கள் யாரையும் படம் பிடிக்காமலே சரியாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான்கரை மணிக்கு ஆச்சி உட்கார்ந்தது திண்ணையில் இல்லை, இரண்டாம் படியில். முதுகுக்குப் பின்னால் தூண், காலுக்குக் கீழே ஒரு படி, கீரைக்காரம்மா கூடையை இறக்க அடுத்த படி. திண்ணையில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வீடு வரையும்போது இனி படியின் அகலத்தில் கஞ்சத்தனம் செய்வதில்லை.

பிற்சேர்க்கை 1: போனில் உள்ள லெவல் ஆப் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சுவரில் படம் மாட்டப் போதும். 7 மீட்டர் தாண்டும்போது அரை டிகிரி பிசகினால் 6 செ.மீ. போய்விடும்.

பிற்சேர்க்கை 2: தனி ஆளாகச் செய்ய முடியுமா என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். முடியும். ஒரு முனையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கித் திண்ணையில் கட்டிவிட்டால், வாளியின் தண்ணீர் மட்டமே உங்கள் மட்டக்கோடு. தண்ணீர் சிந்தினால் மட்டும் வாளியில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3: ஆச்சிக்குப் படத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. படியில ஒண்ணக் காணோமே?"

"மூணு படிதானே ஆச்சி இருக்கு?"

"நாலுப்பா. நான் கல்யாணமாகி வந்தப்ப நாலு. ஒண்ணு ரோட்டுக்குள்ள போயிருச்சு."

திரும்பிப் போய் அளந்து பார்த்தேன். அவர் வீட்டுப் படி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 செ.மீ. ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த அதே 18. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது போட்டு, தண்ணீர் கிழக்குச் சாக்கடைக்கு ஓடட்டும் என்று மேற்கைத் தூக்கியிருக்கிறார்கள். எதிர் வீட்டில் நான்கு படியும் அப்படியே இருக்கின்றன. படத்தில் சாலைக்கோட்டுக்குக் கீழே நான்காவது படியைப் புள்ளிக்கோட்டால் போட்டு, புது நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வரையும்போதும் படிகளை எண்ணுவதற்கு முன் வீட்டில் மூத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.