ரெண்டு போலீஸ், ஒரு ஜீப்: சேலம் கதைக்கு ஜோடி சேர்ப்பது எப்படி?

இரட்டைப் போலீஸ் காமெடியில் ஜோடி ஒட்டாமல் இருக்க வேண்டும். அந்த ஒட்டாமையைச் சாதியிலும் உடம்பிலும் தேடினால் பத்தே நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். வேலையில் தேடுங்கள். 2013-ல் வந்த 'தி ஹீட்' படத்தில் இருவருமே பெண்கள். ஒருவர் எஃப்பிஐ, மற்றவர் பாஸ்டன் நகரப் போலீஸ். மோதல் அங்கிருந்துதான் வருகிறது.

சேலத்தில் இதற்கு இடம் தயாராக இருக்கிறது. மாநகரம் கமிஷனர் கையில், ஏற்காடு மாவட்ட எஸ்பி கையில். மாநகரத்துப் பெண் எஸ்ஐ ஒருவரையும், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஏட்டு ஒருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு, எஸ்டேட் மிளகுத் திருட்டு. மூட்டை மாநகரத்து லீ பஜார் மண்டிக்கு வந்துவிட்டதால் இருவரும் சேர்ந்தே அலைய வேண்டும்.

100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் 33 கிலோ அளவுக்குத்தான் தேறும். எஸ்ஐக்கு இது தெரியாது. "மூணுல ரெண்டு பங்கு எங்கய்யா?" என்று கணக்குப்பிள்ளையை உட்கார வைக்கிறார். மிளகு விவரம் சொல்லி ஏட்டு காப்பாற்றுகிறார். அடுத்த அரை மணிக்குள் ஏட்டு கோட்டைவிட்ட லாரி நம்பரை எஸ்ஐ மண்டி பில்லில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏட்டு வெறும் வழிகாட்டியாகச் சுருங்கிப்போவார். பழங்குடிப் பாத்திரங்களுக்கு வழக்கமாக நேர்கிற கதி அது.

ஜீப் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது:

"மலையாளியா? கேரளால எந்த ஊரு, சேட்டா?"

"நாகலூருங்க மேடம். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம்."

மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்வது இவர்கள் மரபு. கேமரா எஸ்ஐ முகத்தில் இரண்டு விநாடி நிற்கட்டும், சிரிப்பு அவர் மேல் விழும். ஏட்டைத் திருதிருவென விழிக்க வைத்தால், எஸ்ஐயின் அறியாமைக்கு அவர் கேலிப்பொருள் ஆகிவிடுவார். வசனம் ஒன்றுதான், ஷாட்தான் வேறு.

இரண்டாம் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஓரத்தில் எழுதுங்கள்: சொன்னது யார், விழுந்தது யார் மேல். பிறப்பு, நிறம், உடல், பேச்சு மீது விழுந்தால் சிவப்பு மை. பிடிவாதம், தப்புக் கணக்கு மீது விழுந்தால் பச்சை. சிவப்பை வெட்டுவதோடு நிறுத்தினால் காட்சி சப்பென்று ஆகிவிடும். அந்த இடத்தில் அதே ஆளின் வேலைத் தவறு ஒன்றை வையுங்கள். மூன்றில் இரண்டு பங்குச் சிரிப்பு ஒருவர் மேலேயே விழுந்தால், உங்களிடம் இருப்பது ஜோடி இல்லை, நாயகனும் எடுபிடியும்.

மலையாளிப் பாத்திரம் ஒன்றே ஒன்று வேண்டாம். மூன்று பேரையாவது வைத்தால்தான் ஏட்டு எரிச்சல்படவும் தப்பு செய்யவும் சுதந்திரம் கிடைக்கும்; திருட்டில் பங்குள்ள ஒருவரும் அவர்களில் இருக்கலாம்.

திருநங்கை எஸ்ஐயை ஜோடியாக வைக்க நினைத்தால் தயங்காதீர்கள். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி 2015-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்று, 2017-ல் எஸ்ஐயாகப் பொறுப்பேற்றார். அவருடைய பாலினத்தை வழக்காக்காமல், மிளகையே வழக்காக வைத்திருங்கள்.

ஏட்டின் வசனங்களை மலைக்கிராமத்தில் இரண்டு பேரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். படப்பிடிப்புக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். டப்பிங்கில் திருத்தப் போனால் உதட்டசைவு ஒத்துவராது. வாசித்தவர்களுக்குக் கூலியும் டைட்டிலில் பெயரும் கொடுங்கள்.