முளைப்பாரி எடுக்கப்போகும் செட்டுக்கு

முளைப்பாரி என்பது சட்டியில் பயறு வகைகளை இருட்டில் முளைக்கவைத்து, அம்மன் திருவிழாவில் தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் கரைப்பது. ஊர்த் திருவிழாவுக்குத் தோழிகள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து முளைப்பாரி எடுக்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே நாள் கணக்கைப் போட்டுவிடுங்கள். சேலை நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மதுரைப் பக்கத்து அம்மன் கோயில்கள் பலவற்றில் ஒரு செவ்வாய்க்கிழமை சாட்டி, அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்து, காப்புக் கட்டி, மறு செவ்வாயில் பொங்கல் வைப்பார்கள். அதற்கு மறுநாள் புதன்கிழமை மாலை பாரி ஊர்வலம். காப்புக் கட்டிய செவ்வாய் இரவு முத்து, அதாவது விதை, போட்டால் கையில் எட்டு நாள் இருக்கும். தட்டப்பயறும் பாசிப்பயறும் இருட்டுக்குள் ஒரு சாண் நிமிர அது போதும். பத்து நாளைத் தாண்டினால் பருப்பில் இருந்த சத்துத் தீர்ந்து தண்டு துவண்டுவிடும். முன்னாடியே போட்டால் இன்னும் உயரமாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். எல்லோரும் ஒரே முளை வீட்டில் வளர்க்க வேண்டுமா, அவரவர் வீட்டிலா. முத்து கோயிலில் தருவார்களா, நாமே வாங்க வேண்டுமா. பாரிக்குத் தனி வரி உண்டா என்று பூசாரியிடமோ ஊர்த் தலைவரான அம்பலகாரரிடமோ சாட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். காப்புக் கட்டிய பிறகு இரவு வெளியூரில் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. மதுரைக்குள் வேலை பார்க்கும் தோழிகள் இதைத் தெரிந்துகொண்டு விடுப்புச் சொல்லட்டும். மாதவிலக்கு நாளில் முளை வீட்டுக்குள் போகாத ஊரென்றால், தண்ணீர் தெளிக்க இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து வையுங்கள். ஜோடி இல்லாத பாரிதான் நடுவில் வாடும்.

இனி முத்து. ஓர் அடி அகலச் சட்டி ஒன்றுக்குத் தட்டப்பயறு 60 கிராம், பாசிப்பயறு 40, மொச்சை 20, சோளம் 15, கம்பு 5. மொத்தம் 140 கிராம். பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகும், இரண்டு கிலோவாக வாங்குங்கள். மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஊரில் யாராவது இந்த வருடம் அறுத்த பயறு வைத்திருந்தால் அதுதான் முதல் தரம். விதைக் கடையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏறிய விதை கொடுத்தால் வேண்டாம். அது மருந்து கலந்தது, கையால் அளையவும் கூடாது, கண்மாயில் கரைக்கவும் கூடாது. மொச்சையில் வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாட்டுக்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு வகையிலும் 50 மணி எடுத்து ஊறவைத்து ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். மூன்றாம் நாள் பிரித்துப் பார்க்கையில் 40க்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்தப் பயறைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு வேறு வாங்குங்கள். பாரி வளர்ப்பதே விதையைச் சோதித்துப் பார்ப்பதுதான் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை.

சட்டி மண்சட்டியானாலும் அலுமினியமானாலும் அடியில் மூன்று ஓட்டை வேண்டும். மண்சட்டி ஈரத்தைத் தானே வாங்கித் தானே விடும், அதனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுவே நல்லது. பாதிவரை வைக்கோலை நறுக்கி அமுக்குங்கள். தலையில் சுமக்கும் கனம் அதில்தான் குறையும். அதன் மேல் மூன்று விரல் கனத்துக்கு மண்: கரம்பை என்னும் கண்மாய் வண்டல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, காய்ந்து பொடித்துச் சலித்த சாணம் ஒரு பங்கு. பச்சைச் சாணத்தைச் சேர்த்தால் சூடேறி வேரை வேகவைத்துவிடும், பூஞ்சையும் அங்கிருந்துதான் கிளம்பும்.

மொச்சையைத் திங்கள் இரவு பத்து மணிக்கு ஊறப்போடுங்கள், மற்றதைச் செவ்வாய் விடியற்காலை. மொச்சைக்குப் பத்து மணி நேரம், பயறுக்கு ஆறு முதல் எட்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் கோடை வெயிலில் புளித்த வாடை அடிக்கும். மூச்சு முட்டிச் செத்த விதை அது, போட்டாலும் அழுகும். ஊறியதை வடித்து ஈரத் துணியில் முடிந்து வைத்தால் இரவுக்குள் முனை கட்டத் தொடங்கும். தூவும்போது தட்டப்பயறையும் மொச்சையையும் நடுவிலும், பாசிப்பயறை ஓரத்திலும், சோளம் கம்பை எல்லா இடத்திலும் போடுங்கள். உயரமானது நடுவில் நின்றால் கோபுரம் மாதிரி குவிந்து வரும். மணி மேல் மணி ஏறக் கூடாது. மேலே கால் அங்குலம் எருப்பொடி தூவி உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாததால் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது, பச்சையம் உண்டாகாததால் எலுமிச்சை நிறத்தில் நிற்கிறது. பாரியின் அழகே அந்த நிறம்தான். ஜன்னலில் சாக்கை மடித்துக் கட்டுங்கள், ஓட்டு இடுக்கில் கோடு போல விழும் வெயிலையும் அடையுங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தால் முழுப் பாரியும் அந்தப் பக்கமே சாயும். பூசை விளக்கு எரியும் அறை என்றால் தினமும் சட்டியைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். போனில் லைட் போட்டு வளர்ந்திருக்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வெளிச்சம் படப்பட நீட்டம் குறைந்து இலை விரியப் பார்க்கும். எறும்புக்கு, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எலிக்குக் கதவிடுக்கை அடைப்பது ஒன்றே வழி.

கெட்டுப்போன பாரிகளில் பெரும்பாலானவை தண்ணீரால் கெட்டவை. பாசத்தில் ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றிவிடுகிறார்கள். முதல் மூன்று நாளும் காலை ஒரு தெளிப்பு, மாலை ஒரு தெளிப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு டம்ளருக்கு மேல் போகக் கூடாது. வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி உதறுங்கள், அவ்வளவுதான். நாலாம் நாளிலிருந்து வேர் குடிக்கத் தொடங்கும், அப்போது ஒன்றரை டம்ளர். சந்தேகம் வந்தால் ஓரத்தில் விரலை விட்டுப் பாருங்கள். மண் விரலில் ஒட்டினால் அந்த வேளை தண்ணீர் வேண்டாம்; உதிர்ந்தால் தெளிக்கலாம். ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுகிறதென்றால் ஏற்கெனவே அதிகம்.

மூன்றாம் நாள் காலையில் முளையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். பதறி எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வேர்த்தூவி, வேரில் வரும் மெல்லிய மயிர். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும், வாடை இருக்காது. தெளித்த பிறகும் சிலந்தி வலை போல மணிக்கு மணி பின்னி நின்று புளித்த வாடை அடித்தால் அது பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் கரண்டியால் மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, ஒரு வேளை தண்ணீரை நிறுத்தி, இரவில் கதவைச் சற்று ஒருக்களித்துக் காற்று விடுங்கள். மூன்றாம் நாளுக்குள் தெரிந்தால் அந்த இடத்தில் முனை கட்டிய பாசிப்பயறைத் தூவி நிரப்பலாம், பிந்தி வந்தாலும் ஓரத்தை அடைத்துவிடும். அதனால் ஒரு கைப்பிடி முனை கட்டிய பயறை ஈரத் துணியில் தனியாக வைத்திருங்கள்.

இரவுதோறும் கும்மி உண்டு. பாட்டுக்காரப் பெரியம்மா ஒரு வரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வலது காலை உள்ளே வைத்துக் குனிந்து முழங்காலுக்கு நேரே ஒரு தட்டு, காலை எடுத்து நிமிர்ந்து நெஞ்சுக்கு நேரே ஒரு தட்டு, பக்கவாட்டில் ஓர் அடி. இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் எந்தப் பாட்டுக்கும் சேர்ந்துகொள்ளலாம். கை தட்டும் வேகத்தைப் பெரியம்மா தீர்மானிக்கட்டும். இளவட்டம் நாலு பேர் சேர்ந்து வேகத்தைக் கூட்டினால் வட்டம் உடைந்துவிடும்.

ஏழாம் நாள் தண்டு உயர்ந்ததும், பாதி உயரத்தில் வாழைநாரைச் சுற்றிலும் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் வெளித் தண்டு ஒடியும். பூவும் கலர்த்தாளும் சட்டியின் கழுத்தோடு நிற்கட்டும், முளைக்குள் கம்பி செருக வேண்டாம். ஊர்வலத்துக்கு முந்தின இரவே கடைசித் தண்ணீர். மறுநாள் இலை மேல் ஒரு தெளிப்பு மட்டும், இல்லாவிட்டால் கனமும் கூடும், சேலையில் சேறும் வழியும்.

சும்மாட்டுக்குப் புதுத் துண்டு வழுக்கும். பழைய பருத்தித் துண்டாகப் பார்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். சட்டியைத் தனியாகத் தூக்காதீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து ஏற்றி, சுமப்பவர் "சரி" என்று சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். மேளக்காரர்களுக்கும் முதல் பாரிக்கும் நடுவே பத்தடி இடைவெளி விடுங்கள், அங்கே ஆடுகிறவர்கள் பின்வாங்கி மோதுவார்கள். வெறுங்காலில் தார்ரோடு சுடும். நாலு மணிக்குப் புறப்பாடு என்றால், ஓரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வர வண்டியில் இரண்டு குடத்தோடு ஓர் ஆளை அமர்த்துங்கள். தெருவில் தாழ்வாகத் தொங்கும் வயரையும் சீரியல் செட் விளக்குகளையும் முந்தின நாளே நடந்து பார்த்து வையுங்கள். தலை மேல் சட்டி, அதன் மேல் முளை என்று உயரம் ஏழடியைத் தொடும்.

கரைக்கும் இடத்தில் முதலில் கலர்த்தாள், நூல், பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் பிரித்துச் சாக்கில் போடுங்கள். சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடந்தால் ஊருணியிலோ கிணற்றடியிலோ கரைப்பார்கள். எங்கே என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். படித்துறைப் பாசியில் கால் வழுக்கும், கடைசிப் படிக்கு இரண்டு படி மேலேயே நின்று சட்டியைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே அலசிக்கொள்ளுங்கள். பயறுக்கொடி ஒன்றிரண்டைக் கிள்ளி முந்தானையில் முடிந்து வந்து வயலிலோ வீட்டுக் கொல்லையிலோ ஊன்றுகிறவர்கள் உண்டு. வெளுத்த செடியை நேராக வெயிலில் வைத்தால் கருகும், இரண்டு நாள் மர நிழலில் வைத்துப் பச்சை பிடித்த பிறகு நடுங்கள்.